மேல் மேடு

வீட்டின் பின்புறச் சரிவில் அவள் மூன்று மேட்டுப் பாத்திகள் கட்டியிருந்தாள். பள்ளி வேன் ஓட்டுகிறவள். புயலில் விழுந்த மரங்களை யாரும் அள்ளிக்கொண்டு போகாததால், வேலை முடிந்து வந்து தானே அறுத்தாள். அடிமரங்களைச் சரிவுக்குக் குறுக்கே கிடத்தி, மேலே கிளைகளையும் சருகையும் திணித்து, மண் போட்டு மூடினாள். உள்ளே மட்கும் மரம் ஈரத்தைப் பிடித்து வைக்கும். கோடையிலும் பூசணிக்கொடி வாடாது என்பது அவள் கணக்கு.

சரிவின் அடியில் நாத்தனார் வீடு. தையல் வேலை செய்பவள், நாக்கும் கத்தரிக்கோல்தான்.

"அண்ணி, உங்க குப்பையெல்லாம் ஒருநாள் என் தலையிலதான் வந்து விழப்போகுது."

"விழாது. முளை அடிச்சிருக்கேன்."

கீழ் இரண்டு மேடுகளுக்கும் அது உண்மை. அடிமரத்தைப் பாதி மண்ணுக்குள் இறக்கி, முன்னால் வரிசையாக முளை அடித்திருந்தாள். மேல் மேட்டுக்கு வந்தபோது கை ஓய்ந்துவிட்டது. "ரெண்டு கல்லை அண்டக் குடுத்தா போதும், யானை தள்ளினாலும் அசையாது" என்றான் புருஷன். அவளும் சரியென்று விட்டுவிட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. மூச்சு விடாமல் கொட்டியதில் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். புருஷன் வேலைக்குப் போயிருந்தான். மதியம் கொல்லைக் கதவைத் திறந்தவள், மேல் மேட்டின் பின்னால் தண்ணீர் குளமாய்த் தேங்கி நிற்பதைப் பார்த்தாள். கிட்டே போனால் மேட்டின் முதுகில் ஒரு விரிசல், கை நுழைகிற அகலத்துக்கு. அண்டக் கொடுத்த கற்களில் ஒன்றைக் காணவில்லை.

நேர்கீழே நாத்தனார் வீட்டின் பின்னறை. அங்கேதான் நாத்தனாரின் கணவர், காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார்.

நாத்தனாருக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. ஓரத்துப் படிகளில் வழுக்கி, பாதி தூரம் உட்கார்ந்தபடியே இறங்கினாள்.

"பின்ரூம்ல படுத்திருக்கிற அண்ணனை முன்ரூமுக்குத் தூக்கணும். இப்பவே."

நாத்தனார் தையல் மெஷினை நிறுத்தவில்லை. "என்ன, குப்பை வருதா?"

"ஆமா. வருது."

மெஷின் நின்றது.

அவரை நாற்காலியில் உட்காரவைத்து ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கினார்கள். "மெதுவாம்மா. உங்க சண்டையில எனக்கு இன்னொரு காலும் போயிடப் போகுது" என்றார்.

அண்ணி மண்வெட்டியைத் தேடினாள்.

"மேல போகாதீங்க. விழுந்தா விழட்டும்."

"தண்ணிய ஓரமா வெட்டிவிட்டா நின்னாலும் நிக்கும். இல்லேன்னா எல்லாம் சேர்ந்து வரும்."

நாத்தனார் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஏறினாள். "நீங்க வெட்டுங்க. நான் மரம் அசையுதான்னு பாத்துக்கறேன்."

மேட்டின் கீழே நிற்காமல் பக்கவாட்டில் நின்று அண்ணி வெட்டினாள். மண் மண்வெட்டியை விடாமல் கவ்வியது. கால்வாய் பிறந்ததும் தேங்கிய தண்ணீர் கலங்கலாய் ஓட ஆரம்பித்தது. குளம் பாதிக்கு இறங்கியிருக்கும்.

"அண்ணி, வந்துடுங்க."

"இன்னும் ஒரே ஒரு வெட்டு."

"வாங்கன்னா." மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். இருவரும் பக்கத்துப் புதரில் விழுந்தார்கள். அதே நேரம் அடிமரம், தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல மெதுவாகப் புரண்டது. பிறகு மெதுவாக இல்லை. நடு மேட்டில் இடித்தபோது காலடி மண் அதிர்ந்தது. முளைகள் இரண்டு முறிந்தன. மற்றவை சாய்ந்தன, ஆனால் பிடித்தன. மரம் குறுக்கே சிக்கி நின்றது. சேறு மட்டும் வழிந்துபோய்ப் பின்னறைச் சன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கியது.

இருவரும் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. நாத்தனாருக்குப் பற்கள் கிட்டித்தன. அண்ணிக்கு அழுகை வந்தது. மழையில் அது தெரியவில்லை.

சாயங்காலம் புருஷன் வந்து பார்த்துவிட்டு, "கல்லு வச்சோமே" என்றான்.

மறுநாள் மழை விட்டது. இருவரும் பின்னறைச் சேற்றை வாளி வாளியாக வெளியே கொட்டினார்கள். கட்டில் பாதி புதைந்திருந்தது. தலையணை இருந்த இடத்தில் முறிந்த கிளையொன்று கிடந்தது. நாத்தனார் அதை எடுத்து வெளியே எறிந்தாள்.

"மேல திரும்பக் கட்டக் கூடாது."

"கட்டல."

"நடுவுல இருக்கிறதப் பிரிச்சுடாதீங்க." "இன்னும் நாலு முளை சேர்த்து அடிங்க. நானும் வரேன்."

அண்ணி தலையாட்டினாள். பிறகு இருவருமாக, சொட்டச் சொட்ட, மெத்தையை வெயிலுக்குத் தூக்கிப் போனார்கள்.