சார்ஜாவிலிருந்து வந்த பெட்டி

...அதெப்படி, பேட்டையில் ஒரு சாமானைச் செய்தால் பாதி விலைக்குக் கேட்கவும் ஆளில்லை, அதையே சார்ஜாவில் செய்தால் இரட்டை விலைக்கு வரிசையில் நிற்பார்களாம், இதற்குப் பெயர் விரிவாக்கமாம், உலகச் சந்தையாம், ஐந்து வருஷமாகப் பேப்பரைத் திறந்தால் இதே பாட்டு, படித்துப் படித்து எனக்கு வயிறுதான் எரிகிறது... சார்ஜாவிலிருந்து லீவில் வந்திருக்கிற சேக் முகம்மது தன் வீட்டு டீப்பாயில் கூட்டுத்தொழில் பத்திரத்தை விரித்து அதன்மேல் பேனாவையும் வைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறான். “படிச்சுக்கிட்டு இருங்க அண்ணாச்சி, மஃரிப் தொழுதுட்டு வந்துருதேன், வந்ததும் கையெழுத்தப் போட்டு முடிச்சிருவோம்” என்றான். எதைப் படிக்க? மூன்றே தாள், நேற்றே மனப்பாடம் ஆகிவிட்டது. சார்ஜாவில் ஒரு ஷெட், அவனும் நானும் பாதிப் பாதி, கம்பி சுற்றின காயில் தைவானிலிருந்தே வந்துவிடும், வெளிப்பெட்டி வேறொரு தேசத்திலிருந்து வரும், நாலு பேர் உட்கார்ந்து திருகாணி முடுக்கி லேபிள் ஒட்டினால் ஸ்டெபிலைசர் தயார். லீவில் ஊருக்கு வருகிறவர்கள் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வந்து எங்கே விற்பார்கள்? இதே மேலப்பாளையத்தில், இதே தெருவில். பேட்டையில் என் பட்டறைக்கும் இந்த வீட்டுக்கும் ஐந்து மைல் இருக்குமா, இந்த ஐந்து மைலைக் கடக்க ஆவுடைநாயகமாகிய நான் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். கேட்டால் சிரிப்பார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினாறு வருஷம், மகள் பிறந்த வருஷம் தொடங்கி அவள் பெயரையே வைத்தேன், பிருந்தா ஸ்டெபிலைசர், ஒரு காலத்தில் இந்த ஊரில் பிரிட்ஜ் வாங்கினால் கூடவே பிருந்தாவும் வாங்க வேண்டும் என்று கடைக்காரனே சொல்லுவான். சொல்லாமல் என்ன செய்வான், இங்கே வருகிற கரண்டு அப்படி... பாபநாசத்தில் நம் ஆற்றுத் தண்ணீரை விழவைத்துத்தான் கரண்டு எடுக்கிறார்கள், அது ஆற்றோடு இறங்கி வருவதற்குள் எவனெவனோ குடித்துவிட, பொழுது சாய்ந்தால் மேலப்பாளையத்துக்கு நூற்று முப்பத்தைந்து வோல்ட், பல்பைப் பார்க்க இன்னொரு பல்பு வேண்டும். கலெக்டர் பங்களாப் பக்கம் மட்டும் எப்போதும் இருநூற்று இருபது, அது எப்படி என்று ஒருவனும் கேட்க மாட்டான். ஆர்டர் வந்தால், பட்டறையில் காயில் சுற்றுகிற கோமு முதலில் ஆள் பெயரைக் கேட்க மாட்டாள், “எந்தத் தெரு அண்ணாச்சி?” என்றுதான் கேட்பாள், தெருவைச் சொன்னால் போதும், எத்தனை சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், சுற்றி முடித்து மஞ்சள் காகிதத்தில் இடத்தையும் வோல்ட்டையும் பேனாவால் எழுதி மடித்துக் கட்டிவிடுவாள். தெருவுக்குத் தெரு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஸ்டெபிலைசர் கொடுத்தவன் உலகத்தில் என்னைத் தவிர வேறு எவனாவது உண்டா? இப்போது ஒன்பது பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் நாலு பேர், அதுவும் வாரத்தில் மூன்று நாள். காலையில் ஸ்கூட்டரை எடுக்கும்போது கோமு வாசலுக்கே வந்துவிட்டாள், “அங்கன சார்ஜால கரண்டு எவ்வளவு வருதுன்னு கேட்டுட்டு வாங்க, எத்தன சுத்துன்னு இப்பமே கணக்குப் போட்டு வச்சுக்கிடுதேன்” என்கிறாள். பாவி, அங்கே உனக்கு வேலையே இல்லை என்று எப்படிச் சொல்ல? சொல்லத் தைரியமில்லாதவனுக்குக் கோபம் மட்டும் வந்தது. “போ, போய் வேலையப் பாரு” என்று எரிந்து விழுந்தேன். பதினாலு வருஷத்தில் அவளிடம் அப்படிப் பேசியதில்லை.

எதிரே பிரிட்ஜ், அதன் பக்கத்து ஸ்டூலில் அந்த ஸ்டெபிலைசர் பெட்டி, வந்ததிலிருந்து அதைப் பார்க்கக்கூடாது என்று நினைத்து நினைத்து அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்... கறுப்பாக மினுங்குகிறது, முகப்பில் இங்கிலீஷ் எழுத்து, ஓரங்களை எவ்வளவு வழுவழுப்பாக மடித்திருக்கிறான், சத்தம் என்று ஒன்று கிடையாது. திரைக்குப் பின்னாலிருந்து சேக் முகம்மதுவின் மனைவி ரைஹானத், “டீ ஆறிரும் அண்ணாச்சி, எடுத்துக்கிடுங்க” என்றாள். சும்மா இருந்திருக்கலாம், வாய் கேட்கவில்லை, இந்தப் பெட்டி எப்படியம்மா இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். “நல்லா இருக்கு அண்ணாச்சி. பழசு கொர்ருனு எரைச்சல் போட்டுக்கிட்டே கெடந்துச்சு, புள்ளைய ஒறங்க வைக்க முடியாது. இது இருக்கிற எடமே தெரியல. போன வாரம் அவங்க லீவுல வந்தப்ப சார்ஜால இருந்து கொண்டாந்தாங்க.” பழசு யாருடையது என்று தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா, கேட்கிறவன் முகத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து எப்படிப் பார்ப்பாள். சரி, இருக்கட்டும், பொழுது சாயட்டும், நானும் பார்க்கிறேன்... வெளிநாட்டுப் பெட்டிக்கு இந்தத் தெருவைத் தெரியாது, நூற்று எழுபதுக்குக் கீழே இறங்கினால் டக்கென்று அடங்கிவிடும், பிரிட்ஜும் சேர்ந்து செத்துப்போகும், சேக் முகம்மது வருகிற நேரத்துக்குச் சரியாக அது நடக்க வேண்டும், பத்திரத்தை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு எழுந்து போவேன்.

பள்ளிவாசலில் பாங்கு ஓதி முடிந்து கொஞ்ச நேரத்தில் டியூப்லைட் துடித்தது, பல்பு மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, கம்பி மட்டும் தெரிந்தது. பெட்டியிலிருந்து டக் என்று ஒரு சத்தம், உள்ளே ரிலே மாறுகிறது. பெட்டி அடங்கவில்லை. பிரிட்ஜ் சீராக ஓடுகிறது. இன்னும் இறங்கட்டும் என்று பார்த்தேன், ஃபேன் இறக்கையை எண்ணலாம் போல் சுற்றியது, பிரிட்ஜ் மட்டும் அசையாமல் ஓடிக்கொண்டே இருந்தது... அப்போது மனசுக்குள் ஒரு குரல், என் குரல்தான், வெளிநாட்டுக்காரன் வெளிநாட்டுக்காரன்தான் என்றது. பதினாறு வருஷம் நான் தெருத்தெருவாகப் போய்க் கற்றதை எங்கேயோ ஒருவன் இந்த ஊரைப் பார்க்காமலே செய்துவிட்டான், இனி என்ன வீம்பு, யாரிடம் வீம்பு? பேனாவை எடுத்து முதல் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாவது தாளுக்குப் போகுமுன், அவன் எப்படித்தான் செய்திருக்கிறான் என்று பார்த்துவிட வேண்டும், தொழில்காரன் புத்தி, வேறென்ன... சட்டைப் பையில் டெஸ்டர் திருப்புளி எப்போதும் இருக்கும். ஸ்விட்சை அணைத்துவிட்டு நாலு திருகாணியைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர், அதைச் சுற்றி மஞ்சள் காகிதம். காகிதத்தில் நீலப் பேனாவில், ளகரத்துக்கு வாலை இழுத்துவிடுகிற அந்தக் கையெழுத்தில், ‘மேலப்பாளையம் 135’. கோமு. போர்டு என் போர்டு, ரிலே என் ரிலே, எரைச்சல் போடுகிறது என்று ரைஹானத் சொன்ன அதே பழைய பிருந்தா. அதிர்ந்து கொர்ரென்ற என் மெல்லிசுத் தகரத்துக்குப் பதிலாகக் கனத்த தகரம், அடியில் நாலு ரப்பர் கால், அவ்வளவுதான் சார்ஜா. படவா, பெண்டாட்டியையே ஏய்த்திருக்கிறான், ஊர் நம்புமா என்று வீட்டுக்குள்ளேயே பார்த்திருக்கிறான், ஊர் நம்புகிறதோ இல்லையோ நான் நம்பினேனே, என் சாமானை என் காதாலேயே கேட்டுவிட்டு வெளிநாட்டுக்காரன் என்றேனே... காகிதத்தைப் பிய்த்து அவன் முகத்தில் எறிய வேண்டும், ரைஹானத்தைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும், கையெழுத்துப் போட்ட தாளைக் கிழிக்க வேண்டும், ஒரு தாள்தானே, இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறது, கிழித்தால் கிழிந்துவிடும். எதுவும் செய்யவில்லை. உடம்பு முழுக்கக் கோபம், அது யார்மேல் என்று மட்டும் தெரியவில்லை.

தெருவில் தொழுகை முடிந்து வருகிறவர்களின் பேச்சு, செருப்புச் சத்தம், வாசலில் சேக் முகம்மது யாருக்கோ சலாம் சொல்லுகிறான், இப்போது உள்ளே வந்துவிடுவான். நான் மூடியைத் திரும்ப வைத்து ஸ்விட்சைப் போட்டு, ஒவ்வொரு திருகாணியாக முடுக்குகிறேன், டெஸ்டர் முனை வழுக்கிவிடாமல், அந்தக் கறுப்புப் பெயிண்டில் ஒரு கீறலும் விழாமல், இடது கட்டைவிரலை அண்டை கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு... இந்தப் பதினாறு வருஷத்தில், என் பெட்டி ஒன்றையாவது நான் இப்படி மூடியிருக்கிறேனா?