கண்ணு பாக்க அட்டை செல்லாது

எங்க வீட்டாளு நாராயணபெருமாளுக்குக் கண்ணு மங்கிப்போச்சுன்னு புதுக்கடை ஜங்ஷன்ல எல்லாருக்கும் தெரியும். அவிய ஒருத்தர்தான் ஒத்துக்கிட மாட்டாவ. எங்களுக்கு அங்க ஒரு பலசரக்குக் கடை. போன மாசம் பக்கத்து வீட்டு ஜெபசீலனுக்க பெண்டாட்டி சீரகம் கேட்டா. இவிய பெருஞ்சீரகத்தைப் பொதிஞ்சு குடுத்துவிட்டாவ. அவளும் பராக்குல அதை அரைச்சு மீன்கறி வச்சிட்டா. மறுநாள் கடைக்கு வந்து, "அக்கா, எங்க வீட்டுச் சாளைக்கறி பிரியாணி மணக்குது"ன்னு சொல்லிட்டு நிக்கா. நான் சிரிக்கவா அழவா? இவிய கூசாம, "கடையில வெளிச்சம் பத்தல்ல, பல்பை மாத்தணும்"ன்னாவ. பல்பை மாத்தினோம். அடுத்த வாரம் உளுந்து கேட்ட ஆளுக்குப் பச்சரிசி போச்சு.

நெத்தியில போடுத நாமமும் கோணிப்போச்சு. நாங்க அய்யாவழி. இவிய தெனமும் விடியக்காலம் நாங்க கும்பிடுத நிழல்தாங்கலுக்குப் போயி, தலையில துவர்த்துத் துண்டைக் கட்டி, கருவறை மாதிரி உள்ள பள்ளியறையில கண்ணாடி முன்னால நிண்ணு கும்பிட்டுட்டு வந்துதான் கடை தொறப்பாவ. எங்களுக்குச் சிலை கிடையாது, கண்ணாடிதான். அதுல உன்னையே பாரு, உனக்குள்ள அய்யா இருக்காருன்னு அர்த்தம். அப்பிடிக் கண்ணாடி முன்னால நிண்ணுட்டு வாற மனுசனுக்க நாமம் எடது புருவத்துப் பக்கமா சாஞ்சு கெடக்கும். நான் சேலைத் தும்பால சரி பண்ணப் போனா, "தொடாத ஏட்டி"ன்னு கையைத் தட்டி விடுவாவ.

கண்ணைக் கொண்டு காட்டுங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டத்தண்ணி வத்திப்போச்சு. ஒரே பதிலுதான்.

"காப்பீட்டு அட்டையில எடுத்தா காட்டுதேன். குடும்பம் முழுக்கச் செல்லும்னுதானே எல்லாரையும் நிறுத்திப் போட்டோ எடுத்தாவ? எனக்க கண்ணு என்ன, குடும்பத்துக்கு வெளியவா கெடக்கு?"

பேச்சுல இவியள ஜெயிக்க ஆளு கெடையாது. சரி, அட்டையிலேயே பாத்துருவோம்னு ஒரு நாள் கடையைப் பூட்டி, பஸ் ஏத்தி, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். காப்பீட்டுக் கவுண்டர்ல ஆதிரான்னு ஒரு பிள்ளை இருந்துச்சு. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "மாமா, இது அட்மிட் ஆகி, படுத்து வைத்தியம் பாக்குதவங்களுக்கு. சும்மா கண்ணு டெஸ்ட் பண்ணுததுக்கு இதுல எடுக்க மாட்டாவ"ன்னுச்சு.

"அப்ப கண்ணு அவிஞ்ச பொறவு வந்தா எடுப்பியளா?"

"ஆபரேஷன் வேணும்னு டாக்டர் எழுதினா பாக்கலாம், மாமா."

"அவியாம பாத்துக்கிடலாம்னு முன்கூட்டி வந்தவனுக்கு ஒண்ணும் கெடையாது?"

அந்தப் பிள்ளை, பாவம், திரும்பவும் அட்டையைப் பாத்துச்சு. இவிய சுத்தி ஒரு தடவை பாத்தாவ. செருப்பைக் கழத்தினாவ. துவர்த்தைச் சுருட்டித் தலைக்கு வச்சு, அங்கின கெடந்த பெஞ்சுல நீட்டி நிமிந்து படுத்துட்டாவ.

"படுத்துட்டேன். எழுதிக்கோ."

வரிசையில நிண்ண சனம் மொத்தமும் சிரிச்சுது. எனக்கு மானம் போச்சு. ஆனா உள்ளதைச் சொல்லணும்லா, அவிய கேட்ட கேள்வியில ஒரு தப்பும் இல்ல. கெட்டுப்போனா செல்லுத அட்டை, கெட்டுப்போவுதான்னு பாக்கச் செல்லாதுன்னா அது என்ன எளவு கணக்கோ. ஆதிராதான் எந்திரிச்சு வந்து, "மாமா, கண்ணு பாக்க அட்டையே வேண்டாம். அந்தக் கட்டடத்துல ஓ.பி. சீட்டு போட்டா சும்மாவே பாப்பாவ"ன்னு சொல்லிச்சு.

சும்மா பாப்பாவன்னு கேட்டா மனுசன் சந்தோசப்படணுமா இல்லியா? இவியளுக்க மூஞ்சி சுருங்கிப்போச்சு. எந்திரிச்சு எனக்க பின்னால வந்தாவ. எனக்கு அப்பமே ஒரு மாதிரி இருந்துச்சு.

கண்ணு டெஸ்ட் பண்ணுத இடத்துல நல்ல கூட்டம். செவுத்துல எழுத்துப் பலகை தொங்குது. முன்னால நிண்ணவங்க ஒவ்வொருத்தரா அதைச் சத்தமா வாசிக்காவ. நாங்க பெஞ்சுல இருந்து கேட்டுக்கிட்டே இருந்தோம். எங்க முறை வந்துச்சு. ஜிஷான்னு அங்க உள்ள பிள்ளை இவியளுக்க ஒரு கண்ணைப் பொத்திவிட்டு, எழுத்தைத் தொட்டுக் காட்டுத குச்சியைத் தேடுது. குச்சி கையில வரதுக்குள்ள இவிய தொடங்கியாச்சு. மேல உள்ள பெரிய எழுத்துலேருந்து கடைசி வரியில எறும்பு கணக்கா கெடக்குத எழுத்து வரைக்கும், அதுவும் ராகத்தோட. மறு கண்ணைப் பொத்தினாலும் அதே ராகம்தான்.

ஜிஷாவுக்கு ஒரே ஆச்சரியம். "மாமா, ரெண்டு கண்ணும் தங்கம். ஒரு கொறையும் இல்ல."

நல்ல சேதிதானே? இவிய அப்பிடியே ஸ்டூல்ல இருந்துட்டாவ. "கண்ணுல கொறை இல்லியாம்"ன்னு எங்கிட்ட சொன்னாவ. எழவு சொல்ல வந்த ஆளு மாதிரி இருந்துச்சு அந்தச் சத்தம்.

எனக்குக் கோவம் வந்துட்டு. "மக்ளே, இவிய எங்க தாங்கல்ல ஏடு வாசிக்கிற ஆளு. ஒரு தடவை காதுல விழுந்தா போதும், கண்ணு தாளுல இருக்கும், வாய் தன்னால ஓடும். பாத்ததா கேட்டதான்னு அவியளுக்கே தெரியாது. நீ குச்சியைக் கீழேருந்து மேல கொண்டு போ"ன்னேன்.

கொண்டு போச்சு. ஒரு எழுத்து வரல்ல.

ஜிஷா சிரிச்சுக்கிட்டே எங்களை உள்ள கூட்டிட்டுப் போச்சு. லென்ஸ் பெட்டி உள்ள அறையிலதான் இருக்கு. அறை சின்னது. அதனால எழுத்துப் பலகையைத் தலைக்குப் பின்னால மாட்டி, எதிர்ல ஒரு கண்ணாடி வச்சிருக்காவ. கண்ணாடியில பாத்துத்தான் வாசிக்கணும். இவிய உள்ள நுழைஞ்சாவ, கண்ணாடியைக் கண்டாவ. தோளுல கெடந்த துவர்த்தை எடுத்துத் தலையில கட்டிக் கையெடுத்துக் கும்பிட்டாவ. ஜிஷா என்னையத் திரும்பிப் பாக்குது. பொறவு அவியகிட்ட கேட்டுச்சு.

"மாமா, கண்ணாடியில என்ன தெரியுது?"

கும்பிட்ட கை எறங்கல்ல.

"ஒண்ணும் தெரியல்ல, பிள்ளே. தாங்கல்லயும் தெரியல்ல. என்னைய நான் கண்டு எத்தனையோ மாசமாச்சு. பொகை மாதிரி ஒண்ணு நிக்குது. நான் ஏதோ பெரிய தப்பு செஞ்சிருக்கேன், அதுதான் அய்யா முகத்தை மறைச்சுட்டாருன்னு இருந்தேன். கண்ணைக் காட்டி, கண்ணுல கொறை இல்லன்னு நீங்க சொல்லிட்டா, பொறவு கொறை எங்கிட்டதான்னு ஆயிருமே."

அட்டை அட்டைன்னு பெகளம் வச்சது இதுக்குத்தானா? எத்தனை நாளு அந்தக் கண்ணாடி முன்னால தனியா நிண்ணு பயந்துட்டு, எங்கிட்ட வந்து பல்பு சரியில்லன்னு சொல்லியிருக்காவ. நானும் மீன்கறி கதையைச் சொல்லி ஊரெல்லாம் சிரிச்சிருக்கேன்.

"அய்யா ஒண்ணும் மறைக்கல்ல மாமா. வயசானா வாற மங்கல். புரையும் லேசா தொடங்குது. இப்பதைக்குக் கண்ணாடி போட்டா போதும்"ன்னுச்சு ஜிஷா. ஒரு இரும்புச் சட்டத்தை மூக்குல மாட்டி, வில்லையை ஒவ்வொண்ணாப் போட்டு மாத்திக்கிட்டே வந்துச்சு. "இப்ப?" "இல்ல." "இப்ப?" "இல்ல." "இப்ப?"

கண்ணாடிக்கிட்ட மூஞ்சியைக் கொண்டு போனாவ. சட்டத்துக்கு அடியில கண்ணீரு எறங்குது. ரொம்ப நேரம் பாத்தாவ. பொறவு கண்ணாடியிலேயே பின்னால நிண்ண என்னையத் தேடிப் புடிச்சாவ.

"ஏட்டி, எனக்க நாமம் இப்பிடிக் கோணிக் கெடக்கே. நீ ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

கேட்டியளா கதையை? மத்த நாளா இருந்தா நல்லாக் குடுத்திருப்பேன். அண்ணைக்கு சேலைத் தும்பை நனைச்சு, கிட்டப் போயி, நாமத்தை நேராக்கினேன். கையைத் தட்டி விடல்ல. நான் முடிக்கது வரைக்கும் கண்ணாடியைப் பாத்துக்கிட்டே நிண்ணாவ.