மூன்றாம் உலையின் காய்ச்சல்

மூன்றாம் உலையின் தீ முப்பத்தொன்பது டிகிரிதான் இருக்கிறது என்று அந்தத் திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு லேசர் சொன்னது. அதே நேரத்தில் அதே தீக்குள் கிடந்த இரும்புக் கட்டைகள் மஞ்சளாகப் பழுத்து, சுத்தியல் மெஷினுக்கு அடியில் களிமண் மாதிரி நசுங்கிக்கொண்டிருந்தன. உலை முன்னைவிட அதிகமாக கேஸ் குடிப்பதால் உலைக்காரர் வால்வில் ஏதோ கைவைக்கிறார் என்று மேனேஜருக்குச் சந்தேகம். வெப்பமானிக் கம்பியைச் செருகினால் கரி அப்பிக்கொண்டு பொய் சொல்கிறது. அதனால்தான் வெளியிலிருந்து அளவுக்காரியை வரவழைத்தார்.

அவள் கொண்டுவந்த முறை விசாரணை மாதிரி. இண்டியம் என்ற உலோகத்தின் உப்பைக் கரைத்துத் தீக்குள் புகைபோலத் தூவுவாள். ஊதா லேசர் அந்த அணுக்களைத் தட்டினால் அவை நீலமாக ஒளிரும். நீல லேசர் தட்டினால் ஊதாவாக. இரண்டு பதிலையும் கேமரா ஒப்பிட்டுச் சூட்டைச் சொல்லும். கரி, புகை எதுவும் அதை ஏமாற்ற முடியாது. இதைக் கேட்டதுமே உலைக்காரர் வந்த இருமலை விழுங்கினார். மூன்று வாரமாக அவருக்குக் காய்ச்சல். நெஞ்சில் சளி என்று கம்பெனி டாக்டர் எழுதிய இரண்டு பேரை அதே சாயங்காலம் கணக்கு முடித்து அனுப்பியதை அவர் கண்ணால் பார்த்தவர். இருமல் வந்தால் சுத்தியல் விழும் நேரம் பார்த்து இருமுவார். உடம்பு ஏன் கொதிக்கிறது என்று கேட்ட மனைவியிடம், உலைச் சூடு, குளித்தால் போய்விடும் என்று சொல்லிவைத்திருந்தார்.

இரண்டு நாள் அளவுக்காரி கண்ணாடிகளைத் துடைத்தாள், கதிர்களை நேர்செய்தாள், உப்பை மாற்றினாள். எண்ணூறு டிகிரிக்குக் கீழே அந்த முறைக்குக் கண்ணே கிடையாது. ஆனாலும் முப்பத்தொன்பதுதான் வந்தது. மேனேஜர் மெஷினைச் சந்தேகப்பட்டார், அவள் வால்வைச் சந்தேகப்பட்டாள், உலைக்காரர் இரண்டு பேரையும். புதன்கிழமை அவர் டீ குடிக்கப் போன நேரம் வெல்டர் உலைக்கு முன்னால் நின்றார், முப்பத்தேழு. கூட்டுகிற அம்மா நின்றாள், முப்பத்தாறரை. உலைக்காரர் திரும்பி வந்தார்; முப்பத்தொன்பது புள்ளி நான்கு. அளவுக்காரி மெஷினை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணே, எத்தனை நாளா காய்ச்சல்?"

"உலைக்கு முன்னாடி நிக்கிறவன் உடம்பு பின்ன ஐஸ் மாதிரியா இருக்கும்?"

"வெல்டரும் இங்கதான் நின்னாரு."

அவர் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினார். "அதை எழுதிட்டீங்கன்னா நாளைக்கு நான் கேட்டுக்கு வெளியே. தெரிஞ்சுதான் கேக்குறீங்களா?"

"என்னைத் தீயைத்தான் அளக்கச் சொன்னாங்க. ஆளை இல்லை."

அப்படியே எழுதினாள். மூன்றாம் உலையின் தீக்கு முப்பத்தொன்பது புள்ளி நான்கு, உடனே ஓய்வு தேவை. இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று மேனேஜர் அறிக்கையை வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்த்தார். ஆனால் நகல் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது. அங்கிருந்து உலையை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. உலை நின்றால் உலைக்காரருக்குச் சம்பளத்தோடு லீவு. பெரியாஸ்பத்திரியில் நுரையீரலில் நீர் கோத்திருப்பதாகச் சொல்லி எடுத்தார்கள். இத்தனை நாளாக எந்த ஆற்றில் குளித்தீர்கள் என்று மனைவி கேட்டாள். ஐந்து வாரம் கழித்து அவர் கையாலேயே உலையைப் பற்றவைத்தார்கள். முப்பத்தாறு புள்ளி ஒன்பது.

அதற்குப் பிறகு எட்டு வருஷமாக வாரம் தவறாமல் அளக்கிறார்கள். முப்பத்தேழரையைத் தாண்டினால் அந்த உலை மூடப்படும் என்று அறிவிப்புப் பலகையில், கேன்டீன் நேரத்துக்குக் கீழே, எழுதியிருக்கிறது. லேசர் எரியும் அரைமணி நேரமும் மேனேஜர் மட்டும் தன் அறைக் கதவை உள்ளே தாழ்போட்டுக்கொள்கிறார். அவருக்கு எத்தனை டிகிரி என்று இதுவரை யாருக்கும் தெரியாது.