யோசனைக்குப் பட்டா

என் கணவருக்குப் பெருமை வந்துவிட்டால் கை சும்மா இருக்காது. நான்கு லிஃப்டுகளில் எதை எந்த மாடிக்கு அனுப்பினால் யாரும் அதிகம் காத்திருக்க வேண்டாம் என்று மகள் ஒரு கணக்குக் கண்டுபிடித்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் காபிக் கோப்பைகளை நகர்த்தி அதை எங்களுக்கு விளக்கியபோது இவர் போனில் படம் பிடித்தார். பிடித்ததோடு விட்டாரா? ‘என் மகளின் மூளை’ என்று தலைப்புப் போட்டு, ஊர் உலகம் பார்க்க இணையத்தில் ஏற்றிவிட்டார்.

மகள் அதைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிவிட்டது. அந்தக் கணக்குக்குத் தன் பெயரில் பேடன்ட் கேட்க வக்கீலைப் பார்த்திருந்தாள். ஊரறியச் சொல்லிவிட்ட ஒன்றுக்கு அப்புறம் யாரும் உரிமை கேட்க முடியாதாம்.

“யோசிக்கிற விதத்துக்குக்கூடவா பட்டா போடுவாங்க?” என்றார் இவர், அசடு வழிய.

“பட்டா இல்லாமத்தானேப்பா போன தடவை என் மேனேஜர் வேலி போட்டாரு?”

பழைய கம்பெனியில் அவள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியதை மேனேஜர் தன் பெயரில் பதிந்து, மேடையேறி மாலை வாங்கினார். இவள் கீழே உட்கார்ந்து கை தட்டினாள். அந்தக் கைதட்டலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து, யாருக்கும் கட்டுப்படாமல் அவள் போட்ட கணக்கு இது.

வீடியோவைப் பார்த்துவிட்டு வக்கீலம்மா கூப்பிட்டார். மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“உங்கப்பா காப்பாத்திட்டாரும்மா. முக்கியமான இடத்துல கேமராவ உங்க முகத்துக்குத் திருப்பிட்டாரு. எந்தக் கப் ஏன் நகருதுன்னே தெரியல. வெறும் அல்காரிதம்னா குடுக்கமாட்டாங்க, லிஃப்டோட சேத்துக் கேட்டுப் பாப்போம். நாளைக்கே போட்டுடலாம். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க.”

இவர் உடனே சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டார்.

மகள் சிரிக்கவில்லை. வீடியோவுக்கு அடியில் யாரோ எழுதியிருந்ததை வாசித்தாள். “எங்க ஆஸ்பத்திரியிலயும் நாலு லிஃப்ட்தாங்க. ஸ்ட்ரெச்சரோட ரொம்ப நேரம் நிக்க வேண்டியிருக்கு. நான்தான் அதுக்கு புரோகிராம் எழுதுறேன். கடைசியில எந்தக் கப் நகருதுன்னு சொல்ல முடியுமா?”

“நாளைக்கு பேடன்ட் கேட்டுட்டு அப்புறம் சொல்லேன்டி,” என்றேன்.

“அப்புறம் அவர் என்கிட்ட அனுமதி கேட்டு நிக்கணும்மா.”

“நிக்கட்டுமே! அந்த மேனேஜர் முன்னாடி நீ கைகட்டி நிக்கலையா?”

அவள் என்னைப் பார்த்தாள். “நான் படிச்சதெல்லாம் முகம் தெரியாதவங்க சும்மா எழுதி வச்சதும்மா. இதையும் இப்பவே முழுசா சொல்லிட்டா, எந்த மேனேஜரும் இதுக்கு வேலி போட முடியாது. நானும் போட முடியாது. அவ்வளவுதான்.”

எனக்குக் கோபம் வரவில்லை. இவளையா நான் பெற்றேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது. இவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.

மகள் தட்டச்ச ஆரம்பித்தாள். ஒரு படியும் விடாமல் எழுதி, அடியில் தன் முழுப்பெயரைப் போட்டாள். அதன் முன்னால் என் பெயரின் முதலெழுத்து, அடுத்து இவருடையது. அனுப்புவதற்கு முன் நாற்காலியைச் சற்றே ஒதுக்கிக்கொண்டாள், எங்கள் இருவருக்கும் திரை தெரியும்படி.