ரிப்பேருக்கு முந்தின நாள்

செஞ்சி குரு மோட்டார்ஸில் பைக் வாங்கியவர்களுக்கு, வண்டி ரிப்பேர் ஆவதற்கு முந்தின நாளே மெக்கானிக் வீடு தேடி வந்துவிடுவாள். பெயர் அமலா. மேல்சித்தாமூர் மீனம்பாளின் வண்டிக்கு அவள் திங்கட்கிழமை பஞ்சர் ஒட்டினாள்; குத்த வேண்டிய ஆணி செவ்வாய்க்கிழமை வந்து, வேலை முடிந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அனந்தபுரம் முருகையனுக்கு முதல் இலவச சர்வீஸ் செய்ய அவள் போனபோது அவர் வண்டியே வாங்கியிருக்கவில்லை. வந்த பெண்ணைச் சும்மா அனுப்பக் கூச்சப்பட்டு மறுவாரம் வாங்கிவிட்டார். எப்படித் தெரியும் என்று கேட்டால், "லிஸ்ட்ல இருக்குது சார்" என்பாள். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

மூன்று வருஷமாக இதை நம்பாதவர், சிங்கவரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்யும் வீராசாமி ஒருவர்தான். கடைக்காரன் கும்பிட்டால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற மனிதர். டீக்கடையில் டம்ளரை இரண்டு முறை கழுவிக் கொடுத்தால், எதை மறைக்க இந்தக் கழுவு என்று யோசிப்பார். வண்டி எடுத்த அன்று ஷோரூமில் மாலை போட்டு, கேக் வெட்டி, ஆள் உயர அட்டைச் சாவியைக் கையில் கொடுத்துப் போட்டோ பிடித்தார்கள். போட்டோவில் திருடிப் பிடிபட்டவர் போல நிற்கிறார். "ஆவாத ரிப்பேர சரி பண்றாளாம்! வராத காய்ச்சலுக்கு ஊசி போட்டா நானுந்தான்டா டாக்டரு" என்று டீக்கடையில் காறித் துப்புவார். அமலா தொட்ட வண்டி எதுவும் கெட்டதில்லை என்பதால், அவருக்குக் காட்ட யாரிடமும் அத்தாட்சி இல்லை.

அந்த வினை அமலாவின் தலையில் விடிந்தது. சென்னை கம்பெனியிலிருந்து டை கட்டி வந்த ஆனந்தராஜ் ஷோரூமின் புகார் நோட்டைப் புரட்டினார். மூன்று வருஷத்தில் ஒரு புகார்கூட இல்லை. ரிப்பேரே ஆகாத ஊருக்கு மெக்கானிக் எதற்கு என்று கேட்டு, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு ரிப்பேரையாவது நிரூபிக்கச் சொன்னார்.

வியாழக்கிழமை அமலா வீராசாமி வீட்டு வாசலில் நின்றாள்.

"நாளைக்கு நாலு பத்துக்கு உங்க கிளட்ச் கேபிள் அறுந்துடும் சார். நான் மாத்தப் போறதில்ல. அறுந்தா அறுந்துச்சுன்னு சொல்லுங்க, போதும். இல்லன்னா என் வேலை போயிடும்."

"ஊர்ல வேற ஆளே கெடைக்கலியா உனக்கு?"

"எல்லாரும் மாத்திக் குடுத்துடும்மாங்கறாங்க. அறுந்தா அறுந்து போவட்டும்னு விடற ஆளு நீங்க ஒருத்தர்தான் சார்."

ஷோரூம்காரர்கள் அவரைப் பற்றிச் சொன்னதில் அவர் நம்பிய முதல் வார்த்தை அதுதான். பரம சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்.

விடிந்ததும் வீராசாமியே கேபிளைக் கழற்றினார். சுருட்டி, பீரோவில் மனைவியின் பட்டுப் புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு, பீரோவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"என் நகைக்கு ஒரு நாளு இப்டிக் காவல் இருந்திருப்பியாய்யா?" என்றாள் குஞ்சம்மாள்.

மூன்று மணிக்கே ஆனந்தராஜும் அமலாவும் வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். சரியாக நாலு பத்துக்குப் பீரோவுக்குள் 'டப்' என்றது. வீராசாமி தனியாக எழுந்து போய்த் திறந்தார். கேபிள் இரண்டாகக் கிடந்தது. கல்யாணப் புடவையில் கிரீஸ். பார்த்தது அவர் ஒருவர்தான். இல்லை என்று சொன்னால் கேட்பாரில்லை. உண்டு என்று சொன்னாலோ, நாளை டீக்கடையில் தலை காட்ட முடியாது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அமலா யார் முகத்தையும் பார்க்காமல், கொண்டுவந்திருந்த புதுக் கேபிளை அவர் வண்டியில் மாட்டிக்கொண்டிருந்தாள். வாசலுக்கு வந்தார். ஆனந்தராஜ் போனிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை.

"ஒண்ணும் ஆகலைன்னு எழுதிக்கவா சார்?"

வீராசாமிக்கு ஜென்மத்து இளக்காரமெல்லாம் மூக்கு நுனிக்கு ஏறியது.

"மொதல்ல தலைய நிமித்துயா. அறுந்துச்சு. பூட்டின பீரோவுக்குள்ள, நாலு பத்துக்கு, அதுவா அறுந்துச்சு. வீராசாமி சொன்னான்னு எழுது."