இருபத்தேழு நாள்

கடல் கடந்து வந்து இரண்டு வருடம் முற்றுகையிட்டும் இந்தத் தீவிலுள்ள சிராகூஸ் நகரம் எங்களுக்குப் பணியவில்லை. ஏதென்ஸுக்கே திரும்பிவிடலாம் என்று ஒருவழியாக முடிவானது. சதுப்பில் கூடாரம் போட்டுக் கிடந்ததில் பாதிப் படைக்குக் காய்ச்சல். என் தம்பி மிரோனைத் தூக்கி வந்து, கப்பலில் நான் துடுப்புப் போடும் பலகைக்கு அடியில் கிடத்தினேன்.

அன்று முழுநிலவு. புறப்படும் நேரத்தில் அதன் ஓரம் கறுத்தது. பிறகு முழுவதும் மங்கிச் செம்பு நிறமாகிவிட்டது.

"பூமியோட நிழல்டா அது," என்றார் எங்கள் கப்பலில் சுக்கான் பிடிக்கும் தெராமன். "கொஞ்ச நேரத்துல விலகிடும். கயித்த அவுத்து விடுங்க."

"அப்ப நீயே போய் அந்த நிழல்கிட்ட வழி கேளு," என்றான் ஒருவன். பயத்தில் சிலர் சிரித்தார்கள்.

இருபத்தேழு நாள் நகரக் கூடாது என்றார்கள் குறி சொல்பவர்கள். தளபதி தலையாட்டினார். "இருப்போம், இருப்போம்" என்று படையே கத்தியது. தெராமன் சொன்னதை நம்பிய நானும் சேர்ந்து கத்தினேன்.

விடிவதற்குள் நிலா வெளுத்துவிட்டது. மிரோனை மறுபடி சதுப்புக்கே தூக்கிப் போனேன்.

"ஏண்ணே, போகலையா?"

"நிலா சரியில்லையாம்."

"எனக்குந்தான் சரியில்ல. என்னை யாரு பாக்குறா?"

அந்த நாட்களுக்குள் எதிரிகள் துறைமுகத்தின் வாயிலில் கப்பல்களைக் குறுக்கே நிறுத்திச் சங்கிலியால் பிணைத்துவிட்டார்கள். உடைத்துக்கொண்டு போகப் பார்த்தோம். தெராமன் கழுத்தில் அம்பு பாய்ந்து விழுந்தார். அதற்குப் பிறகு கப்பலேற ஒருவனும் சம்மதிக்கவில்லை. தீவுக்குள் நடந்தே தப்புவது, நடக்க முடியாதவர்களை விட்டுவிடுவது என்று உத்தரவு வந்தது.

மிரோன் என் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டான். "கொஞ்ச தூரம் தூக்கிட்டுப் போண்ணே. அப்புறம் நானே நடந்துர்றேன்."

தூக்கினேன். எனக்கும் காய்ச்சல் தொடங்கியிருந்தது. நூறு அடிகூடப் போகவில்லை, இரண்டு பேரும் விழுந்தோம். படை எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

"தண்ணி கொண்டாரேன்," என்றேன்.

"வேணாம், போ. கப்பல்லயே செத்துட்டான்னு அம்மாகிட்ட சொல்லிரு."

அவனை விட்டுவிட்டுப் படையோடு நடந்தேன். எட்டாம் நாள் எல்லோரும் பிடிபட்டோம். கல்குவாரியில் வெயிலிலும் பனியிலும் கிடந்து, பிறகு அடிமையாக விற்கப்பட்டு, தப்பி ஊர் சேர நாலு வருடமாயிற்று. அம்மாவிடம் அவன் சொன்னபடியே சொன்னேன்.

அம்மா கேட்டாள்: "அப்ப நீ பக்கத்துல இருந்தியா?"

"இருந்தேம்மா," என்றேன்.