கீழே வந்த ஸ்கேன் மெஷின்

விடிவதற்குள் ஆக்சிஜன் சிலிண்டரை நான்கு முறை உருட்டியாயிற்று. அவசரப் பிரிவு நர்ஸின் உள்ளங்கை முழுக்க இரும்பு வாடை. அவளுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். கரப்பானைக் கண்டாலே கட்டிலேறுகிறவள். ஆஸ்பத்திரி முதலாளியின் செருப்புச் சத்தம் என்றால் கேட்கவா வேண்டும்?

அந்த நேரம் பார்த்து ஒரு தாய் மூன்று வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளே குழிந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. சளிதான் என்று இரண்டு முறை நெபுலைசர் வைத்தும் பலனில்லை. வலப்பக்கம் மூச்சுச் சத்தமே கேட்கவில்லை என்றார் சின்ன டாக்டர். எக்ஸ்ரே அறையோ அடுத்த கட்டடத்தில். அதுவரை குழந்தை தாங்குமா? கட்டிலருகிலேயே வைத்துப் பார்க்கிற ஸ்கேன் மெஷின் மாடியில் இருந்தது, நோயே இல்லாத பெரிய மனிதர்களின் பரிசோதனைக்காக. முதலாளியைக் கேட்காமல் தொட்டால் வேலை போய்விடும்.

நர்ஸ் மாடிக்கு ஓடினாள். மெஷினை உருட்டி வந்தவளுக்கு லிஃப்ட்காரர் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தார். வாழ்நாளில் அவர் துருவிக் கேட்காமல் விட்ட விஷயம் அது ஒன்றுதான்.

கீழே சின்ன டாக்டர் பசையைத் தடவிக் கருவியை விலாவில் வைத்ததும், திரையில் நுரையீரல் தெரியவேண்டிய இடத்தில் குளம்போல் ஒரே கறுப்பு.

"நுரையீரலைச் சுத்தித் தண்ணி கோத்திருக்கு." என்றார் டாக்டர். திரையைப் பார்த்தபடியே ஊசியைச் செலுத்தினார். கலங்கிய மஞ்சள் நீர் இறங்க இறங்க உதட்டின் நீலம் மறைந்தது. குழந்தை வீறிட்டது. அழுவதற்கு மூச்சு வந்துவிட்டதே என்று தாயும் அழுதாள்.

அதற்குள் செருப்புச் சத்தம்.

"யாரைக் கேட்டு எடுத்தே?" என்று நர்ஸைக் கேட்டார் முதலாளி.

"குழந்தைக்கு மூச்சு நின்னுடும்போல இருந்துச்சுங்க."

"நாளையிலேருந்து வராதே. மெஷினை மேலே ஏத்துங்கப்பா."

யாரும் அசையவில்லை. லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமினார். "லிஃப்ட் பழுதுங்க."

"இப்பத்தானேய்யா அதுல வந்தேன்?"

"நீங்க இறங்கினதும் பழுதாயிடுச்சுங்க."

படியில் தூக்கலாமென்றால் வார்டு அண்ணனுக்கு இடுப்புப் பிடிப்பாம்; சற்று முன்புவரை சிலிண்டர் தூக்கிய இடுப்பு! துப்புரவு அக்கா துடைப்பத்தோடு வந்து மெஷினின் சக்கரத்தை மறித்து நின்றாள்.

"மெஷின் இங்கேயே இருக்கட்டுங்க. சிஸ்டரை அனுப்பினா நாங்களும் போயிடறோம்."

சின்ன டாக்டரும் தயங்கித் தயங்கி அக்காவின் பக்கத்தில் போய் நின்றார்.

ஒருத்தரையும் விடமாட்டேன் என்று கறுவிக்கொண்டே முதலாளி மாடிக்குப் போனார், படியேறித்தான். மூன்றாம் படியிலேயே அவருக்கு இரைத்தது.

வாசலில் இன்னொரு குழந்தையின் இரைப்பு கேட்டது. நர்ஸ் பசைக் குப்பியைத் திறந்தாள். அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, மெஷினைக் கட்டிலருகே உருட்டினாள்.